வெளியேறுபவர் வெறுங்கையோடு போகட்டும்

சிவசேனையின் வில் அம்பு, தேசியவாத காங்கிரஸின் கடிகாரம், இப்போது பா.ம.க.வில் தந்தைக்கும் மகனுக்கும் இடையே மாம்பழம். கட்சியில் பிளவு என்றாலே தேர்தல் ஆணையத்தின் வாசலில் சின்னம் கேட்டு நிற்பது என்றாகிவிட்டது. இந்துத்துவக் கொள்கைக்காகவே சிவசேனையில் பிரிந்ததாக ஏக்நாத் ஷிண்டே சொன்னார். கொள்கைக்காகப் பிரிந்தவருக்குப் பால் தாக்கரே தொடங்கிய கட்சியின் பெயர் எதற்கு?

பிரிவது என்றால் என்ன என்பதை 1843 மே 18 அன்று எடின்பரோ காட்டியது. சபையார் விரும்பாத போதகரையும் நிலக்கிழார் நியமிக்கலாம், நீதிமன்றமும் அதற்குத் துணை நிற்கும் என்ற நிலையை எதிர்த்து, ஸ்காட்லாந்து திருச்சபையின் பொதுப் பேரவையிலிருந்து ஒரு பெருங்கூட்டம் எழுந்து வெளியே நடந்தது. தாமஸ் சால்மர்ஸ் அவர்களுக்குத் தலைவரானார். ஏறத்தாழ 1,200 போதகர்களில் 474 பேர் பதவி துறந்தார்கள். சம்பளம், குடியிருந்த வீடு, பிரசங்கம் செய்த கோயில் எல்லாம் போயின. புதுக் கோயிலுக்கு நிலக்கிழார்கள் இடம் தர மறுத்த ஊர்களில் வெட்டவெளியில் வழிபட்டார்கள். கல்கத்தாவில் அலெக்சாண்டர் டஃப், தாம் வளர்த்த கல்விக்கூடத்தின் கட்டடத்தையும் நூலகத்தையும் பழைய சபையிடமே விட்டுவிட்டு வேறிடத்தில் மீண்டும் தொடங்கினார். சென்னையில் ஜான் ஆண்டர்சனும் பிரிந்தவர்கள் பக்கமே நின்றார். அவர் தொடங்கிய பள்ளியே பின்னாளில் சென்னை கிறித்தவக் கல்லூரியானது. தாங்களே உண்மையான திருச்சபை என்று பிரிந்தவர்களும் உறுதியாக நம்பினார்கள். ஆனாலும் சாவியைக் கொடுத்துவிட்டே போனார்கள்.

நம் மண்ணிலும் அந்த மரபு இருந்தது. 1949இல் பெரியாரைப் பிரிந்த அண்ணா, திராவிடர் கழகத்தின் பெயரையோ ஏட்டையோ சொத்தையோ கேட்டு வழக்காடவில்லை. 1972இல் நீக்கப்பட்ட எம்.ஜி.ஆர். உதயசூரியனைக் கேட்கவில்லை, அடுத்த ஆண்டே திண்டுக்கல் இடைத்தேர்தலில் இரட்டை இலை என்ற புதுச் சின்னத்தில் மாயத்தேவரை வெல்ல வைத்தார்.

இன்றைய சட்டமோ பறிப்பவனுக்குப் பட்டயம் எழுதித் தருகிறது. 1985இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டம், மூன்றில் ஒரு பங்கு பேர் பிரிந்தால் குற்றமில்லை என்றது. 2003இல் அந்த ஓட்டையை அடைத்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு பேர் இன்னொரு கட்சியில் இணையலாம் என்ற பெரிய ஓட்டையை விட்டுவைத்தார்கள். 2022இல் கோவாவில் 11 காங்கிரஸ் எம்.எல்.ஏ.க்களில் எட்டுப் பேர் அந்த வழியாகத்தான் பா.ஜ.க.வுக்குப் போனார்கள். சின்னத் தகராறிலும் இதே தலைக்கணக்குதான்: 2023 பிப்ரவரியில் தேர்தல் ஆணையம் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களின் தலையை எண்ணி சிவசேனையின் பெயரையும் சின்னத்தையும் ஷிண்டேவிடம் கொடுத்தது. அந்த உறுப்பினர்களுக்கு ஓட்டுப் போட்ட மக்களை யார் கேட்டார்கள்?

பெரும்பான்மை எந்தப் பக்கமோ அந்தப் பக்கமே கட்சி என்பவர்கள், விலைக்கு வாங்கிய பெரும்பான்மைக்கும் வக்காலத்து வாங்குகிறார்கள். சின்னம் போனால் கட்சி செத்துவிடும் என்பவர்களுக்குத் திண்டுக்கல்லே பதில்.

செய்ய வேண்டியவை இரண்டு. கட்சியை விட்டுப் போகும் உறுப்பினர், உடன் எத்தனை பேர் வந்தாலும், பதவி விலகி மக்களிடம் திரும்பிப் போக வேண்டும். பிளவுபட்ட கட்சியின் பெயரும் சின்னமும் இரு தரப்புக்கும் இல்லாமல் நிரந்தரமாக முடக்கப்பட வேண்டும். இதைச் சட்டமாக்கினால் கட்சி உடைக்கும் வியாபாரம் ஒரே தேர்தலில் படுத்துவிடும். அதன்பின் பிரிகிறவர்கள் கொள்கைக்காக மட்டுமே பிரிவார்கள்.