ஜூரிகளாக அமரும் கட்சிக்காரர்கள்

அமெரிக்காவில் குற்றப்பிரேரணை விசாரணையின்போது, பக்கச்சார்பின்றி நீதி வழங்குவதாக ஒவ்வொரு செனட்டரும் சத்தியம் செய்கின்றார். ஆயினும், ட்ரம்ப் மீதான முதலாவது விசாரணைக்கு முன்னரே, 2019 டிசெம்பரில், தான் பக்கச்சார்பற்ற ஜூரி அல்ல என அவரது கட்சியின் செனட் தலைவர் மிச் மெக்கொனல் பகிரங்கமாகக் கூறினார். சாதாரண நீதிமன்றமாயின் அத்தகைய ஜூரி உடனடியாக நீக்கப்பட்டிருப்பார்.

1999இல் கிளின்டனைக் குற்றவாளியெனக் கூற அவரது கட்சியினர் ஒருவரேனும் முன்வரவில்லை. 2020இல் ட்ரம்பின் கட்சியிலிருந்து மிற் றொம்னி மட்டுமே முன்வந்தார். 2021இல் எழுவர் முன்வந்தபோதும், கிடைத்தவை 57 வாக்குகளே, தேவைப்பட்டவை 67.

அங்கே கட்சி விசுவாசம் குற்றம் சாட்டப்பட்டவரைக் காப்பாற்றியது. இங்கே அதுவே ஒருவரைப் பதவியிழக்கச் செய்தது. 2012இல் பிரதம நீதியரசர் சிராணி பண்டாரநாயக்கவை விசாரித்த பாராளுமன்றத் தெரிவுக்குழுவின் 11 பேரில் எழுவர் ஆளுந்தரப்பினர். எதிர்க்கட்சியினர் நால்வரும் வெளியேறிய பின்னர் அவர்களே அவரைக் குற்றவாளியாகக் கண்டனர். 2013 ஜனவரியில் பாராளுமன்றம் 155 வாக்குகளால் அதனை ஏற்றது.

ஜனாதிபதி மீதான குற்றச்சாட்டை உயர் நீதிமன்றமே விசாரிக்க வேண்டுமென எமது அரசியலமைப்பு கூறுகின்றது. ஜனாதிபதிக்குள்ள அந்தப் பாதுகாப்பு நீதியரசருக்கு இல்லாதிருப்பது எவ்வகையில் நியாயம்? நீதியரசர்கள் மீதான விசாரணையும் கட்சிக்காரர்களிடமன்றிச் சுயாதீனமான நீதிபதிகளிடமே ஒப்படைக்கப்பட வேண்டும்.