தெரிந்தவர் என்றால் பயமில்லையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் கிளம்பிய வதந்தி தாங்கள் அறிந்ததே. அதையொட்டி, என் பேத்தி படிக்கும் பள்ளியில் போன வெள்ளிக்கிழமை ‘குழந்தைகள் பாதுகாப்பு விழிப்புணர்வு’ என்று ஒரு கூட்டம் நடத்தினார்கள். மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விட்டதால் நான் போனேன். போய்வந்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

முக்கால் மணி நேரம் பேசினார்கள். முன்பின் தெரியாதவர் மிட்டாய் கொடுத்தால் வாங்காதே, வண்டியில் கூப்பிட்டால் ஏறாதே, அம்மா வரச் சொன்னாள் என்றால் நம்பாதே. எல்லாம் சரி. தெரிந்தவரே தப்பாக நடந்தால் பிள்ளை என்ன செய்ய வேண்டும்? அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எழுந்து கேட்டேன். “பிள்ளைங்க முன்னாடி அதெல்லாம் பேசாதீங்கம்மா” என்று, பேச வந்த அதிகாரி என்னை உட்கார வைத்துவிட்டார்.

அன்று ராத்திரி சோறு ஊட்டும்போது, “இன்னிக்கு என்னடி கத்துக்கிட்ட?” என்று கேட்டேன். “தெரியாதவங்ககிட்டப் பேசக் கூடாது பாட்டி. வேன் மாமா, டியூஷன் சார், பக்கத்து வீட்டு அங்கிள் எல்லாம் தெரிஞ்சவங்க. அவங்க சொன்னா கேக்கணும்” என்றாள். ஊட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. அவர்கள்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால், தெரிந்தவர் எது செய்தாலும் சரி என்று ஏழு வயதுப் பிள்ளை நினைத்துக்கொண்டால் அதைவிட ஆபத்து வேறில்லை.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளை அந்த அதிகாரி புரட்டியதே இல்லையா? குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் பதிவாகும் பாலியல் வன்கொடுமை வழக்குகளில் 100-க்கு 90-க்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்கு அறிமுகமானவர். 2018-ல் அயனாவரத்தில் ஒரு சிறுமிக்கு நேர்ந்த கொடுமையில் கைதானவர்கள், அவள் குடியிருந்த வளாகத்திலேயே லிஃப்ட் இயக்கியவர்கள், காவலாளிகள், குழாய் வேலை பார்த்தவர்கள். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்கு வந்த இடத்தில் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்த ஒரு மூதாட்டியைக் கடத்தல்காரி என்று ஊர் கூடி அடித்தே கொன்றது. அந்நியர் மேல் பயத்தை மட்டும் வளர்த்து நாம் கண்ட பலன் இதுதான்.

சின்ன வயதில் இதையெல்லாம் சொன்னால் மனசு கெட்டுவிடும் என்கிறார்கள். சொல்லாததால் கெட்ட பிள்ளைகளின் வாழ்க்கைக்கு யார் பதில் சொல்வது? உறவுகளைச் சந்தேகப்படச் சொல்கிறாயா என்கிறார்கள். இல்லை. உன் உடம்பு உன்னுடையது. தொடுவது பிடிக்காவிட்டால், யாராக இருந்தாலும் ‘வேணாம்’ என்று கத்து. யாரிடமும் சொல்லாதே என்று எவர் சொன்னாலும் அதை உடனே வந்து சொல். நாங்கள் நம்புவோம், உன்மேல் தப்பில்லை. இவ்வளவுதான் சொல்லச் சொல்கிறேன். நெளிகிற பிள்ளையைப் பிடித்து, “போ, மாமாவுக்கு முத்தம் கொடு” என்று தள்ளும் பழக்கத்தை வீட்டில் நாமும் விட வேண்டும்.

இது என் சொந்த ஆசை அல்ல. வயதுக்கேற்ற பாதுகாப்புப் பாடத்தை அரசு தயாரிக்க வேண்டும், பிள்ளைகளோடு பழகும் ஊழியர் ஒவ்வொருவரின் பின்னணியையும், ஒப்பந்த ஊழியர் உட்பட, காவல்துறை மூலம் பள்ளி சரிபார்க்க வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் போக்சோ விதிகள் சொல்கின்றன. குற்றம் தெரிந்தும் புகார் செய்யாமல் மறைப்பவருக்குத் தண்டனை உண்டு என்கிறது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். அந்தக் கூட்டத்தில் இதில் எதுவும் பேசப்படவில்லை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைக்கூடச் சொல்லவில்லை. வருகைப் பதிவேட்டில் கையெழுத்தும் குரூப் போட்டோவும் மட்டும் தவறாமல் எடுத்தார்கள். கணக்குக் காட்டக் கூட்டம் போடும் அதிகாரிகளின் கையில் நம் பிள்ளைகளின் பாதுகாப்பு இருப்பது வெட்கக்கேடு.

பள்ளிக் கல்வித் துறை இந்தக் கூட்டங்களை முறையாகப் பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு மறுபடியும் நடத்த வேண்டும். அதுவரை பெற்றோர் காத்திருக்க வேண்டாம். இன்று ராத்திரி சோறு ஊட்டும்போதே பிள்ளைகளிடம் பேசுங்கள். அவர்கள் பேசினால் குறுக்கிடாமல் கேளுங்கள்.

இப்படிக்கு,
இரண்டாம் வகுப்புச் சிறுமியின் பாட்டி