கோதுமைக்கும் பால்பவுடருக்கும் வந்தவர்களா?

என் பிள்ளைகளுக்கும் சொந்தங்களுக்கும்,

என்னிடம் கணக்குப் படித்த தம்பி ஒருவன் நேற்று எழுதியிருந்தான்: "கோதுமைக்கும் பால்பவுடருக்கும் மாறின கூட்டம்தானே சார்?" கோபம் வந்தது. ஆனாலும் வாத்தியாரிடம் கேட்டுவிட்டான், பதில் சொல்லணும்.

நம்ம கரையிருப்பு எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை வைணவக் குடும்பம். கம்பனில் ஊறியவர். 1853-இல் சாயர்புரம் மிஷன் பள்ளியில் தமிழாசிரியர் வேலை கிடைத்தது, இந்துவாக இருக்கும்போதே. ஞானஸ்நானம் 1858-இல். வேலைக்காக மாறியவர் என்றால் வேலை எப்படியப்பா முன்னாலேயே வந்தது?

பாளையங்கோட்டையில் 1785-இல் கோவில் கட்டிய கிளாரிந்தா அம்மாள், அதற்குமுன் தஞ்சாவூரில் ஞானஸ்நானம் கேட்டபோது சுவார்ட்ஸ் ஐயர் மறுத்துவிட்டார். ஆள் பிடிக்க வந்தவர் மறுப்பாரா? அடிபட்டு, இடம்பெயர்ந்து, நிலம் வாங்கி முதலூரை உண்டாக்கியது 1799-இல். நெல்லைச்சீமை கம்பெனி கைக்கு முழுதாகப் போனதே 1801-இல்தான்.

1877 பஞ்சத்தில் கூட்டமாக வந்தவர்களும் உண்டு. கஞ்சியும் ஒரு காரணம். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் பசித்து வந்தவன் நம்புவது பொய்யாகிவிடுமா? நான் சம்பளத்துக்குத்தான் உனக்குப் பித்தாகரஸ் தேற்றம் நடத்தினேன். தேற்றம் தப்பா?

இயேசு உயிர்த்தாரா இல்லையா, அதைக் கேள். சிலுவைக்குப் பிறகு ஏறக்குறைய 25 வருஷத்தில் பவுல் கொரிந்தியருக்கு எழுதுகிறார்: அவரைப் பார்த்தவர்களில் பலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்று. போய் விசாரிக்க ஆள் இருக்கும்போது யாரும் அப்படித் துணிந்து பொய் எழுதுவதில்லை. அங்கே வந்து மோது.

ஞாயிறு சாயந்திரம் வீட்டில்தான் இருப்பேன். காபி உண்டு. பசும்பால்தான், பால்பவுடர் இல்லை.