முதலாளி உருவாக்கும் முதலாளிகள்

தொழில்முனைவோர் பயிற்சி வகுப்புகளில் வளையம் எறியும் விளையாட்டு இன்றும் நடக்கிறது. கம்பிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்பது என்பதை ஆடுபவரே முடிவு செய்வார். ஒட்டியும் நிற்காமல், எட்டாத தொலைவுக்கும் போகாமல், முயன்றால் விழும் என்ற இடத்தில் நிற்பவருக்குச் சாதனை ஊக்கம் அதிகம் என்பது கணக்கு. இந்தச் சிந்தனையைப் பரப்பியவர் அமெரிக்க உளவியலாளர் டேவிட் மெக்லேலண்ட். 1964-இல் காக்கிநாடாவின் சிறுதொழில் முனைவோருக்கு அவருடைய குழு பயிற்சி தரத் தொடங்கியது. பயிற்சி பெற்றவர்கள் பின்னர் துணிந்து முதலீடு செய்தார்கள். ஆட்களையும் கூடுதலாக வேலைக்கு எடுத்தார்கள். சாதியோ மரபு நம்பிக்கையோ அதற்குக் குறுக்கே நிற்கவில்லை. இது பெரிய கண்டுபிடிப்புதான்.

ஆனால் அந்த விளையாட்டில் ஆடுபவர் தனியாக நிற்கிறார்.

நைஜீரியாவின் இக்போ வணிகர்கள் வெற்றியை வேறிடத்தில் தேடுகிறார்கள். அங்கே ஓர் இளைஞன் வணிகர் ஒருவரிடம் சேர்ந்து, பெரும்பாலும் அவர் வீட்டிலேயே தங்கி, சம்பளமில்லாமல் ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் வரை தொழில் பழகுகிறான். தவணை முடிந்ததும் முதலாளியே பணமோ சரக்கோ தந்து தனிக்கடை வைத்துக் கொடுக்கிறார். 1970-இல் உள்நாட்டுப் போர் முடிந்தபோது, வங்கியில் எவ்வளவு போட்டிருந்தாலும் இக்போ மக்களுக்குக் கிடைத்தது 20 பவுண்டுதான். அந்த நிலையிலிருந்து ஒனிட்சா சந்தையையும் லாகோஸின் அலாபா மின்னணுச் சந்தையையும் வளர்த்ததில் இந்த ஏற்பாட்டுக்குப் பெரும்பங்கு உண்டு. எத்தனை பேருக்குக் கடை வைத்துக் கொடுத்தார் என்பதை வைத்தே அங்கே ஒரு வணிகரை ஊர் மதிக்கிறது. தவணை முடியும் நேரத்தில் திருட்டுப்பழி சுமத்தி, வெறுங்கையோடு விரட்டும் முதலாளிகளும் இருக்கிறார்கள். அந்தக் கொடுமையை மறைத்து இம்முறையைப் புகழக் கூடாது.

நாட்டுக்கோட்டை நகரத்தார் அறியாத வழியல்ல இது. பர்மாவிலும் மலாயாவிலும் அவர்கள் நடத்திய கடைகளில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவர், அடுத்தாளாகி, மேலாளாகி, பிறகு சொந்தமாகத் தொழில் தொடங்குவதுண்டு.

நம் பயிற்சி விண்ணப்பங்கள் படிப்பையும் சொத்தையும் கேட்கின்றன. யாரிடம் தொழில் கற்றார், முதல் சரக்கைக் கடனுக்குத் தருபவர் யார் என்ற கேள்விகளையும் சேர்க்க வேண்டும். வெற்றிக்கதை சொல்ல அழைக்கப்படும் தொழிலதிபரிடமும், அவரிடம் வேலை பார்த்துவிட்டுத் தனித்தொழில் தொடங்கியவர்கள் எத்தனை பேர், அவர்களில் எவருக்கு அவர் முதல் ஆர்டர் கொடுத்தார் என்று வகுப்பிலேயே கேட்கலாம்.