அறுமீனைப் படம்பிடிக்கச் சிறு தொலைநோக்கி போதும்



யோபுவின் புஸ்தகம் 38-ஆம் அதிகாரத்தில் பெயர் சொல்லப்பட்ட அறுமீன் கூட்டம், நீங்கள் பிழைக்க வந்த மும்பையிலும் டெல்லியிலும் தெரிகிறது. ஜனவரி நடுவில் இரவு எட்டு, ஒன்பது மணியளவில் அது ஏறக்குறைய உச்சிவானில் நிற்கும். நகர வெளிச்சத்தில் வெறுங்கண்ணுக்குச் சில நட்சத்திரங்களே தென்படும்.

பிள்ளைகள் தொலைநோக்கி கேட்டால், நூற்றுக்கணக்கான மடங்கு பெரிதாக்கும் என்ற விளம்பரத்தை நம்பிப் பணத்தை விரயமாக்காதிருங்கள். அறுமீன் கூட்டம் முழுநிலவைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு அகலமானது. மிகவும் பெரிதாக்கினால் அதன் ஒரு மூலையே அகப்படும். 70 மி.மீ. விட்டமும் 400 மி.மீ. குவியத்தூரமும் உள்ள சிறு தொலைநோக்கியில் 25 மி.மீ. கண்வில்லையைப் பொருத்துங்கள். 16 மடங்கே பெரிதாகும். கூட்டம் முழுவதும் அதில் அடங்கும்.

கைப்பேசியைப் பிடிப்பான்கொண்டு கண்வில்லையோடு இறுகப் பொருத்துங்கள். டைமர் வைத்து, ஒரு விநாடிப் படங்களாக ஐம்பது எடுங்கள். அதிக நேரம் திறந்துவைத்தால், பூமி சுழல்வதால் நட்சத்திரங்கள் கோடுகளாக நீளும். பின்பு இலவச மென்பொருளால் படங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குங்கள். தனிப்படத்தில் தெரியாத மங்கிய நட்சத்திரங்கள் அப்போது வெளிப்படும். கலிலியோ 1610-இல் வெளியிட்ட படத்தில் இக்கூட்டத்தின் 36 நட்சத்திரங்களை வரைந்திருந்தார். உங்கள் படத்தில் எத்தனை என்று பிள்ளைகள் எண்ணட்டும்.

வேலை முடிந்து களைத்து வருகிற தகப்பனே, அந்த ஒளி உங்கள் மொட்டைமாடியை வந்தடைய ஏறக்குறைய 440 ஆண்டுகள் பயணப்பட்டது. உங்கள் பிள்ளையோடு அதைக் காண ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.