எலும்பு வைத்திருக்கும் கணக்கு

சென்ற மாதம் சுசீந்திரத்தில் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தேன். அடுப்பங்கரையிலிருந்து ரசத்தின் வாசனை கூடத்தைத் தூக்கியது. "ஈயச் சொம்பு ரசம், மக்களே! என் சீதனச் சொம்பு. அறுபது வருஷமாச்சு" என்றாள் எண்பது வயது ஆச்சி, பெருமையோடு.

பேத்திக்கு இப்போது ஐந்து மாதம். "அக்கா, ஈயம் கெடுதல் என்கிறார்களே, நான் சாப்பிடலாமா?" என்று என் காதோடு கேட்டாள்.

நியாயமான கேள்விதான், சகோதரிகளே! ஈயத்தில் இரண்டு வகை உண்டல்லவா? சொம்புக்கு உரியது வெள்ளீயம், அதில் பயமில்லை. காரீயம்தான் விஷம். லாபத்துக்காக அதைக் கலந்துவிட்டால், புளி அதைக் கரைத்து ரசத்தில் இறக்கிவிடும். கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது.

உடம்பில் சேர்ந்ததை எப்படி அறிவது? ரத்தத்தைச் சோதிக்கலாம். ஆனால் ரத்தம் சொல்வது பெரும்பாலும் சமீபத்திய கணக்கு. ஏறக்குறைய ஒரு மாதத்தில் அங்கே பாதி குறைந்துவிடும். எலும்போ, சுண்ணாம்புச் சத்தென்று ஏமாந்து காரீயத்தை வாங்கிப் பல ஆண்டுகள் பூட்டி வைக்கிறது. பெரியவர்கள் உடம்பிலுள்ள காரீயத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் எலும்பில்தான்!

கர்ப்ப காலத்தில் சிசுவுக்காகத் தாயின் எலும்பு சுண்ணாம்புச் சத்தை விட்டுக் கொடுக்கிறது. கூடவே பழைய காரீயமும் கிளம்பிவிடுகிறது. மெக்ஸிகோ நகரில் பிரசவித்த தாய்மாரின் எலும்பை அளந்தார்கள். காரீயம் மிகுந்திருந்தவர்களின் குழந்தைகள் எடை குறைந்து பிறந்ததாக 1997-ல் தெரிவித்தார்கள்.

முன்பெல்லாம் இப்படி அளக்க ஆராய்ச்சிக்கூடத்தில் அரை மணி நேரம் காலை அசைக்காமல் உட்கார வேண்டும். இப்போது கையடக்கமான எக்ஸ்ரே கருவி வந்திருக்கிறது. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் இதைப் பண்படுத்தியிருக்கிறார்கள். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வைத்தால், காரீயம் தனக்கே உரிய கதிரைத் திருப்பி அனுப்பும். சில நிமிஷங்களில் கணக்கு வந்துவிடும். இதே வகைக் கருவியை வங்காள தேச அதிகாரிகள் 2019-ல் சந்தைக்கே கொண்டுபோய், மஞ்சளில் கலந்த காரீயச் சாயத்தைப் பிடித்தார்கள். 2021-ல் அந்தக் கலப்படம் சந்தையிலேயே காணவில்லை!

எலும்பை அளப்பது இன்னும் ஆராய்ச்சிக்காரர்களின் வேலைதான். கர்ப்பிணிகளுக்கு ரத்தப் பரிசோதனையே வழி. 100 மில்லி ரத்தத்தில் 5 மைக்ரோகிராம் இருந்தாலே, எங்கிருந்து வருகிறதென்று தேடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். சென்னையில் 2005-06-ல் 756 குழந்தைகளைச் சோதித்தபோது சராசரியே 11 இருந்தது!

ஆகவே, எதில் செய்ததென்று தெரியாத சொம்பில் புளி ரசம் வேண்டாம். கடற்கரை ஊர்களில் வலைக்கு ஈயக்குண்டு வார்ப்பவர்கள், சமையலறையில் உருக்க வேண்டாம். பாலும் கேழ்வரகும் குறையாமல் சாப்பிடுங்கள். சுண்ணாம்புச் சத்து மாத்திரையை டாக்டரைக் கேட்டுச் சாப்பிடுங்கள்.

எல்லாவற்றையும் கேட்ட ஆச்சி சற்று நேரம் பேசவில்லை. "ஏழு பெற்றேனே மக்களே, என் எலும்பு என்னவெல்லாம் கொடுத்ததோ!" என்றாள். பிறகு தானே எழுந்து, சொம்பைத் துடைத்துப் பரணில் ஏற்றச் சொன்னாள். பேத்திக்கு அன்று எவர்சில்வர் பாத்திரத்து ரசம். ருசி ஒரு மாற்றுக் குறைவுதான், குறையட்டுமே!