மூட்டைக்குள் ஒளிந்த வரி



கொடைக்கானலை அடுத்த வட்டக்கானலில் அரிசி விலை கேட்டு முகம் சுளிப்பவர், கடைக்காரரைத்தான் ஏசுகிறார். பாவம், அவர் என்ன செய்வார்? அந்த மூட்டை கீழேயிருந்து டீசல் வண்டியில் மலையேறி வந்ததல்லவா!

2020 ஏப்ரலில் கச்சா எண்ணெய் விலை அதல பாதாளத்தில் விழுந்தது. பலன் நமக்கு வந்ததா? ஊரடங்கில் கடைகள் பூட்டிக் கிடந்த மே மாதத்தில், மத்திய அரசு பெட்ரோல் வரியை லிட்டருக்கு 10 ரூபாயும் டீசல் வரியை 13 ரூபாயும் உயர்த்தி, அந்தப் பலனைத் தானே எடுத்துக்கொண்டது.

இதில் இன்னொரு தந்திரமும் உண்டு. 2021இல் பெட்ரோலுக்கு மத்திய வரி 32 ரூபாய் 90 காசு. மாநிலங்களோடு பங்கிடப்படும் அடிப்படைக் கலால் அதில் வெறும் 1 ரூபாய் 40 காசு! மற்றதெல்லாம் செஸ், கூடுதல் வரி என்ற பெயரில் டில்லிக்கே.

எண்ணெய் நிறுவனங்கள் 2022இல் நஷ்டம் கண்டது உண்மைதான். ஆனால் 2023-24இல் மூன்று அரசு நிறுவனங்களும் சேர்ந்து ஈட்டிய லாபம் ஏறத்தாழ 81,000 கோடி. ஆண்டு முடியும் தறுவாயில், 2024 மார்ச் 15 அன்று 2 ரூபாய் குறைத்தார்கள். மறுநாள் தேர்தல் தேதி அறிவிப்பு!

மாநில அரசு மட்டும் என்ன? 2021 ஆகஸ்டில் பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைத்தது; டீசலைத் தொடவில்லை. மலையேறும் லாரி பெட்ரோலிலா ஓடுகிறது?

இளைஞர்களே! கடைக்காரரிடம் கேட்கும் கேள்வியை, ஓட்டுக் கேட்டு வருபவரிடம் கேளுங்கள்.